சங்கம் பதிவாகியும் 80ஜி ரசீது ஏன் செல்லவில்லை?

சங்கப் பதிவுச் சான்றிதழ் மட்டும் இருந்தால் நன்கொடையாளருக்கு வரிச் சலுகை கிடைக்காது. கடலூர் முதுநகரில் அருங்காட்சியகம் எழுப்ப உங்கள் சங்கம் நன்கொடைக்கு அடித்த ரசீதை, பணம் தந்த மண்டிக்காரர்களின் கணக்காளர்கள் திருப்பி அனுப்பியதற்கு அநேகமாக இதுவே காரணம். 1975ஆம் ஆண்டுச் சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்படி மாவட்டப் பதிவாளர் தருவது ஒன்று. நன்கொடையாளருக்கு வரிச் சலுகை கிடைக்கச் செய்யும், 80ஜி என்று வழக்கில் சொல்லப்படும் ஒப்புதல், வருமான வரித் துறையிடம் தனியாக விண்ணப்பித்துப் பெற வேண்டிய வேறொன்று.

முதலில் ரசீதை எடுத்து, பான் எண்ணோடு அந்த ஒப்புதலின் எண்ணும் அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையெனில், விண்ணப்பிக்கும் முன் சங்கத்தின் துணைவிதிகளில் உள்ள நோக்கப் பகுதியை ஒருமுறை நிதானமாக வாசியுங்கள். பழைய ஊர்ச் சங்கங்கள் பலவற்றில் இருப்பதுபோல் ‘எங்கள் சமூகத்தாரின் நலனுக்காக’ என்று ஒரு வரி கிடந்தால், ஒரு குறிப்பிட்ட சாதிக்கோ மதத்தாருக்கோ உரிய அமைப்பாகக் கருதி ஒப்புதலை மறுத்துவிடுவார்கள். அந்த வரியைப் பொதுக்குழுவில் திருத்துவதுதான் வழி. அதற்குச் சில மாதங்கள் பிடித்தாலும் பொறுத்துக்கொள்ளலாம்.

ஒப்புதல் வந்த பிறகும், 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகத் தருபவருக்கும் புதிய வரிமுறையைத் தேர்ந்தவருக்கும் சலுகை இல்லை. கிடங்கிலிருந்து யாரேனும் பித்தளைத் தராசு கொண்டுவந்து கொடுத்தால் அதற்கும் இல்லை. அதைப் பொருள் பதிவேட்டில் மட்டும் எழுதுங்கள். தேவனாம்பட்டினத்தில், புனித டேவிட் கோட்டைப் பக்கம் மண்ணைத் தோண்டும்போது கிடைத்த காசு என்றால், பதிவேட்டில் ஏற்றுமுன் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் அதற்கு வைத்திருக்கும் மதிப்பு வரம்பு வெறும் 10 ரூபாய்.