தராசும் செக்ரோலும்

அன்புள்ள அக்கா,

நான் தலவாக்கலைப் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்தவன். இப்போது கொழும்பில் நிரல் எழுதும் வேலை. தமிழ்ச் செய்திகளில் உள்ள சொற்களை எண்ணுவதற்குப் பைத்தான் என்ற நிரல்மொழியில் ஒரு நிரல் எழுதினேன். ‘தேயிலை’ என்று கொடுத்தால் த, ய, ல என்று மூன்று துண்டாக நறுக்கித் தருகிறது. இது மொழியிலுள்ள வழு, அதாவது பிழை, என்று பைத்தானைப் பராமரிப்பவர்களுக்கு அறிவித்தேன். ‘இது ஏற்கெனவே பதிவாகியிருக்கிறது’ என்று சொல்லி மூடிவிட்டார்கள். நீளத்தைச் சொல்லும் லென் என்ற கட்டளை தேயிலைக்கு ஆறு எழுத்து என்கிறது. அதையும் மாற்றக் கேட்டேன், பழைய நிரல்கள் உடைந்துவிடும், முடியாது என்றார்கள். ‘தமிழ் உங்களுக்கு ஒரு மொழியாகவே தெரியவில்லையா’ என்று எழுதினேன். பதில் இல்லை. என் ஆங்கிலம் சரியில்லாததால் மதிக்கவில்லையா? நமக்கென்று ஒரு நிரல்மொழி செய்துகொள்வதுதான் வழியா? பைத்தானை விட்டுவிட்டு வேறு மொழிக்குப் போய்விடலாமா என்று யோசிக்கிறேன். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

(பெயர் வெளியிட வேண்டாம்)

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதம் வந்தபோது நான் ஹட்டனில் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அம்மாவுக்கு இப்போது 79 வயது. 1987இல் எங்கள் தோட்டத்தில் நடந்த ஒரு விஷயத்தை அவரிடம் மறுபடியும் கேட்டுக்கொண்டிருந்தேன். அதனால்தான் மற்றக் கடிதங்களை ஒதுக்கிவிட்டு உங்களுக்கு முதலில் எழுதுகிறேன்.

திட்ட வேண்டியதை முதலில் திட்டிவிடுகிறேன். ‘தமிழ் உங்களுக்கு ஒரு மொழியாகவே தெரியவில்லையா’ என்று எழுதினீர்களே, அது தவறு. அந்த வரியைப் படித்தபோது எனக்கு முகம் சுட்டது. உங்கள் அறிக்கையைத் திறந்து பார்த்த மனிதர் பெரும்பாலும் தன் சம்பள வேலையை முடித்துவிட்டு, இரவில், யாரும் காசு கொடுக்காத வேலையாக அதைச் செய்திருப்பார். அவருக்கு முன்னால் ஆயிரக்கணக்கில் அறிக்கைகள் குவிந்து கிடக்கின்றன. பைத்தானை உருவாக்கிய கைடோ வான் ரோசம் 2018 ஜூலையில் முடிவெடுக்கும் பொறுப்பிலிருந்தே விலகிக்கொண்டார். முக்காற்புள்ளியும் சமன்குறியும் சேர்ந்த ஒரு புதிய குறியை மொழியில் சேர்ப்பதா வேண்டாமா என்று நடந்த சண்டைதான் காரணம். இவ்வளவு போராடியும் இத்தனை பேர் தன் முடிவை வெறுக்கிறார்களே என்று மனம் சலித்து எழுதிவிட்டுப் போனார். இப்போது தேர்ந்தெடுக்கப்பட்ட ஐந்து பேர் அந்த இடத்தில் இருக்கிறார்கள். அவர்களும் மனிதர்கள்தான். உங்களை ஒருவர் அப்படிக் கேட்டிருந்தால் நீங்கள் பதில் எழுதியிருப்பீர்களா?

‘ஏற்கெனவே பதிவாகியிருக்கிறது’ என்றால் உங்களைத் துரத்திவிட்டார்கள் என்று பொருள் இல்லை. அந்தப் பழைய பதிவைத் திறந்து பார்த்தீர்களா? 2007இல் ஒருவர் தேவநாகரி எழுத்தை வைத்து இதையே சொல்லியிருக்கிறார், சொற்கள் சின்னத் துண்டுகளாக நறுக்கப்படுகின்றன என்று. 60 கோடிப் பேரின் எழுத்துக்கும் அதே வெட்டு. அதைப் படித்திருந்தால் தமிழை மட்டும் யாரோ ஒதுக்கிவைத்ததாக நீங்கள் எழுதியிருக்க மாட்டீர்கள்.

ஆங்கிலத்தைப் பற்றிக் கேட்டதை விடுங்கள். சிக்கலைக் காட்டும் மூன்று வரி நிரலுக்கு ஆங்கிலம் வேண்டாம். லென்னையும் விடுங்கள். அது எழுத்துகளை எண்ணுவதாக ஒருநாளும் சொன்னதில்லை, உலக எழுத்துகளுக்கெல்லாம் எண் கொடுக்கும் யூனிகோடு தரத்தின் குறியீடுகளை எண்ணுகிறது. த, ஏகாரக் குறி, ய, இகரக் குறி, ல, ஐகாரக் குறி, ஆக ஆறு. அது மாறப்போவதில்லை. நமக்கென்று நிரல்மொழி வேண்டுமென்றால் ‘எழில்’ இருக்கிறது, எடுத்துப் பாருங்கள்.

அந்த வெட்டுதான் விஷயம். அதற்கு முன் அம்மாவின் கதையைச் சொல்ல வேண்டும்.

அம்மா கொழுந்தெடுத்தவர். 1987இல் கொழுந்து நிறுக்கும் எங்கள் மடுவத்தில் தொங்கிய தராசு சரியில்லை என்று பெண்கள் மாதக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கூடையின் பாரம் முதுகுக்குத் தெரியும். இருபது வருடம் சுமந்த முதுகு பொய் சொல்லாது. கணக்கப்பிள்ளையிடம் சொன்னார்கள், அவர் காதில் வாங்கவில்லை. சங்கத் தலைவரிடம் சொன்னார்கள், அவர் ‘பேசுகிறேன்’ என்றார். காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பிரட்டுக்களத்தில் சத்தம் போட்டார்கள். ‘ஈரம் வடிந்தால் எடை குறையத்தான் செய்யும்’ என்று பதில் வந்தது. ஒவ்வொரு தடவையும் பேச்சு ஈரத்தில் போய் முடிந்தது. சாக்குக்குக் கழிவு, ஈரத்துக்குக் கழிவு, அதற்குமேல் தராசு தின்றது எவ்வளவு என்று யாராலும் பிரித்துக் காட்ட முடியவில்லை.

அம்மா ஒரு சனிக்கிழமை டவுனுக்குப் போய், எங்களுக்குக் கடன் கொடுக்கும் கடை முதலாளியிடம் 5 கிலோ படிக்கல் இரண்டைக் கெஞ்சி வாங்கிவந்தார். இரும்புப் படிக்கல். அடியில் ஈயக் குழி, அதில் அரசாங்க முத்திரை குத்தியிருக்கும். திங்கட்கிழமை அவற்றைப் படங்குத் துணியில் சுற்றிக் கூடைக்குள் வைத்து மலைக்குக் கொண்டுபோனார். அதற்குமேல்தான் அன்றைய கொழுந்து. பகல் நிறுவைக்குத் தன் முறை வந்ததும் கொழுந்தை இறக்கிவைத்துவிட்டு, ஒரு படிக்கல்லை எடுத்துக் கொக்கியில் மாட்டினார். முள் நான்கரையில் நின்றது. இரண்டையும் சேர்த்து மாட்டினார். ஒன்பதில் நின்றது. அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. வரிசையில் நின்ற அத்தனை பெண்களும் முள்ளைப் பார்த்தார்கள், கணக்கப்பிள்ளையும் பார்த்தார். இரும்புக்கு ஈரம் கிடையாது.

‘கணக்கப்பிள்ளைக்குக் கை நடுங்கியது’ என்று அம்மா போன ஞாயிறும் சொன்னார். நான் சின்னப் பிள்ளையாக இதைக் கேட்டபோது, அவர் திருடன், பிடிபட்டுவிட்டார், அதனால் நடுங்கினார் என்றே நினைத்தேன். பல வருடம் மென்பொருள் சோதனைப் பிரிவில் வேலை செய்த பிறகுதான் வேறு விதமாக விளங்கியது. தராசை அவர் கெடுக்கவில்லை. அது தானாகப் பழுதாகியிருந்தது, அவ்வளவுதான். அவர் பயந்தது செக்ரோலுக்கு, ஒவ்வொருவரின் வேலையையும் சம்பளத்தையும் எழுதிவைக்கும் பதிவேட்டுக்கு. இன்றைக்குத் தராசு தவறு என்று ஒப்புக்கொண்டால், அதை நம்பி எழுதிய அத்தனை மாதத்துக் கணக்கும் தவறு. யாருக்கு அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம், விழுந்தது, யாருக்கு மேலதிகக் கிலோ கிடைக்காமல் போனது, எல்லாமே அந்தத் தராசின் மேல் நின்றது. தராசை மாற்ற மூன்று நாள்தான் ஆனது. செக்ரோலை யார் மாற்றுவது?

நிரல்மொழியைப் பராமரிப்பவர் உங்கள் அறிக்கையைப் பார்த்துத் தயங்குவதும் இதனால்தான், தம்பி. சொல்லெழுத்தைத் தேட உங்கள் நிரல் பயன்படுத்தும் குறி, பின்சாய்கோடும் டபிள்யூவும், எழுத்து, எண், அடிக்கோடு ஆகியவற்றை மட்டும் ஏற்கிறது. நம் உயிர்க்குறிகளையும் புள்ளியையும் யூனிகோடு ஒட்டுக்குறிகள் என்ற வேறு வகையில் வைத்திருப்பதால் அவை வெளியே தள்ளப்படுகின்றன. திருத்துவது சில வரி வேலையாக இருக்கலாம். ஆனால் சொல் எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று பார்க்கும் இன்னொரு குறியும் இதன் மேல்தான் நிற்கிறது. பயனர் பெயரைச் சரிபார்க்க, தேடல் பட்டியல் தயாரிக்க, கோப்புப் பெயரைச் சுத்தம் செய்ய என்று உலகம் முழுவதும் இதை நம்பி எழுதிய நிரல்கள் இருக்கின்றன. நேற்று வரை தள்ளிய பெயரை இன்று ஏற்கத் தொடங்கினால் எங்கேயோ ஒரு செக்ரோல் தவறும். பைத்தான்காரர்கள் இந்தச் சூட்டை ஒருமுறை பட்டவர்கள். 2008 டிசம்பரில் மூன்றாம் பதிப்பு பழையதோடு ஒத்துப்போகாமல் வந்தது. பிரிண்ட் என்ற சொல்லுக்குப் பின்னால் அடைப்புக்குறி கட்டாயமானதே பழைய நிரல்கள் நின்றுபோகப் போதுமாக இருந்தது. இரண்டாம் பதிப்பை 2020 ஜனவரி 1 வரை இழுத்துச் சுமந்தார்கள்.

அதற்காக எல்லாத் தயக்கத்தையும் நான் ஏற்கிறேன் என்று நினைக்க வேண்டாம். 1976இல் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் நிரல்களைத் தொகுக்க உதவும் ‘மேக்’ என்ற கருவியை எழுதினார். அதில் கட்டளை வரி டேப் இடைவெளியில்தான் தொடங்க வேண்டும், சாதாரண இடைவெளி விட்டால் வேலை செய்யாது. தவறு என்று அவருக்குச் சீக்கிரமே தெரிந்தது. ஆனால் அதற்குள் ஒரு டஜன் பேர் பயன்படுத்தத் தொடங்கிவிட்டார்கள், பெரும்பாலும் நண்பர்கள், அவர்களைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று விட்டுவிட்டார். பன்னிரண்டு பேரின் செக்ரோலுக்காக அரை நூற்றாண்டாக உலகம் முழுவதும் அந்த டேப்பில் தடுக்கி விழுகிறது. அது எனக்கு இன்றும் கோபம் வரும் விஷயம்.

அம்மாவின் கதையில் இன்னொரு பாதி இருக்கிறது. அதை அவர் பல வருடம் எனக்குச் சொல்லவில்லை. புதிய தராசு வந்தது. அடுத்த மாதமே முழுப்பேருக்கு, அதாவது முழுநாள் சம்பளத்துக்கு, 14 கிலோ என்று இருந்தது 16 ஆனது. ‘தராசு இப்போது சரியாகத்தானே காட்டுகிறது’ என்றார்கள். வேகமாக எடுக்கும் பெண்களுக்கு லாபம். வயதானவர்களுக்கும் நிறைமாதக்காரிகளுக்கும் முன்னைவிட மோசம். எங்கள் லயத்தில், அந்த வரிசை வீட்டில், மூன்றாவது காம்பராவில் இருந்த பெரியம்மா பல மாதம் அம்மாவோடு பேசவில்லை. பீலியில் தண்ணீர் பிடிக்கும்போது குடத்தை நகர்த்தி வைத்துக்கொள்வாராம். ‘எங்களிடம் ஒரு வார்த்தை கேட்டாயா?’ என்பதுதான் அவர் கடைசியாகக் கேட்டது. அம்மா செய்தது சரி. பெரியம்மா கேட்டதும் சரி.

ரஸ்ட் மொழியில் ஒரு பழக்கம் இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்தது. சந்தேகமான மாற்றம் என்றால், அதை வெளியிடுவதற்கு முன், பொதுவில் பகிரப்பட்ட ரஸ்ட் நிரல் தொகுதிகளை எல்லாம் எடுத்துப் புதிய மொழிமாற்றியில் ஓட்டிப் பார்க்கிறார்கள். எது உடைகிறது என்று பட்டியல் வருகிறது. லயத்தின் ஒவ்வொரு காம்பராக் கதவையும் தட்டிக் கேட்பது அது. கோ மொழிக்காரர்கள் இன்னொன்று செய்தார்கள். திரும்பத் திரும்ப ஓடும் வரிகளில் மதிப்பை வைத்திருக்கும் பெயர், அதாவது சுழற்சி மாறி, தொடர்பாகப் பல வருடம் எல்லோரையும் தடுக்கிவிழ வைத்த ஒரு வழக்கத்தை 2024 பெப்ரவரியில் வந்த 1.22 பதிப்பில் மாற்றினார்கள். ஆனால் ‘நான் 1.22’ என்று தன் கோப்பில் அறிவித்த நிரலுக்கு மட்டும் புதிய விதி. அறிவிக்காத பழைய நிரல் பழைய தராசிலேயே நிறுக்கப்படும், அதன் செக்ரோல் கலையாது. எங்கள் தோட்டத்தில் இப்படி ஒரு வழி இருந்திருந்தால் பெரியம்மாவுக்குப் பழைய கிலோவே இருந்திருக்கும்.

உள்ளே இருப்பவர்களைக் கேட்காமல் விதியை மாற்றினால் என்ன ஆகும் என்பதை மலையகத்தாருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1948இன் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம், இங்கேயே பிறந்தவனிடமும் தகப்பன் இங்கே பிறந்ததற்குச் சான்று கேட்டது. லயத்தில் பிறந்த தகப்பனுக்கு எந்தப் பதிவு இருந்தது? நேற்று வரை வாக்களித்தவர்கள் ஒரே சட்டத்தில் நாடற்றவர்களானார்கள். என் தாத்தாவும் அவர்களில் ஒருவர். மிச்சமிருந்தவர்களுக்குக் குடியுரிமை கொடுத்த சட்டம் வந்தது 2003இல். 55 வருடம். ‘பழையது உடைந்துவிடும்’ என்று ஒரு பராமரிப்பாளர் சொல்லும்போது எனக்குக் கோபம் வராததற்கு இதுதான் காரணம். அந்தக் கவலை 1948இல் யாருக்கும் இருக்கவில்லை.

இனி உங்கள் படிக்கல்லுக்கு வருகிறேன். ‘தமிழில் இது ஒரே சொல்’ என்று நீங்கள் சொன்னால், தமிழ் தெரியாதவருக்கு அது முதுகின் சாட்சிதான். உண்மை, ஆனால் அவரால் பார்க்க முடியாது. அவர் ஏற்கெனவே முத்திரை குத்திய ஒன்றைக் கொக்கியில் மாட்டுங்கள். மூன்றாம் பதிப்பு முதல் அதே பைத்தான் ‘தேயிலை’ என்பதை ஒரு மாறியின் பெயராக முழுசாக ஏற்கிறது. ‘தேயிலை = 5’ என்று எழுதிப் பாருங்கள், முணுமுணுக்காமல் ஓடும். இது சரியான பெயர்தானா என்று கேட்கும் கட்டளையும் ‘ஆம்’ என்கிறது. மொழியின் ஒரு வாசலில் தேயிலை ஒரே சொல், அடுத்த வாசலில் மூன்று துண்டு. இந்த இரண்டையும் அடுத்தடுத்த வரியில் வையுங்கள். யூனிகோடு தன் வழிகாட்டலில் ஒட்டுக்குறிகளையும் சொல்லெழுத்தாகச் சேர்த்திருப்பதை மூன்றாவது வரியில் சொல்லுங்கள். புதிய அறிக்கை வேண்டாம், 2007ஆம் ஆண்டுப் பதிவின் கீழேயே எழுதுங்கள், அங்கே முன்பு பேசியவர்கள் சொன்னதை முழுவதும் படித்துவிட்டு. மாற்றம் வேண்டும் என்று மட்டும் எழுதாமல், பழைய நிரல்களை உடைக்காமல் அதை எப்படிக் கொண்டுவரலாம் என்று ஒரு வழியும் சொல்லுங்கள். புதிய குறியாக வரட்டும், விரும்பியவர் அறிவித்துப் பெறும் விதியாக வரட்டும். அது உங்கள் வேலையும்தான்.

அதுவரை உங்கள் நிரல் நிற்க வேண்டியதில்லை. ‘ரெஜெக்ஸ்’ என்று தனித் தொகுதி ஒன்று இருக்கிறது. அதே குறியை அதில் கொடுத்தால் தேயிலை முழுசாக வரும்.

பைத்தானை விடலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேலைக்கு வேண்டுமென்றால் வேறு மொழியும் படியுங்கள். கோபத்தில் போகாதீர்கள். எழுதியதை அனுப்புவதற்கு முன் எனக்கு ஒருமுறை காட்டுங்கள், வரி வரியாகப் பார்த்துத் தருகிறேன். அடுத்த ஞாயிறு வரை ஹட்டனில்தான் இருப்பேன். அம்மாவும் கேட்டார், அந்தப் பிள்ளை எந்தத் தோட்டம் என்று. அதையும் எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா