பழைய டெஸ்க்டாப்பில் எதை மாற்றினால் பலன்?

கேள்வி: என் டெஸ்க்டாப்பில் இன்டெல் நான்காம் தலைமுறை ஐ5 பிராசஸர், 4 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். ஆன் செய்தால் வேலை தொடங்கவே பல நிமிடம் ஆகிறது. பிராசஸரையும் கிராபிக்ஸ் கார்டையும் மாற்றினால் சரியாகுமா?

பதில்: பிராசஸரைத் தொடவே வேண்டாம். உங்கள் மதர்போர்டில் பிராசஸர் உட்காரும் இடமான சாக்கெட் எல்ஜிஏ 1150 வகை. இன்றைய பிராசஸர் எதுவும் அதில் உட்காராது. அதை மாற்றப் போனால் மதர்போர்டும் ரேமும் சேர்ந்து மாற வேண்டும். அது புதுக் கணினி வாங்குவதற்குச் சமம்.

உங்கள் தாமதத்துக்கு ஹார்ட் டிஸ்க்தான் காரணமாக இருக்கும். டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் பயன்பாடு 100 சதவீதத்திலேயே நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால் 2.5 இன்ச் சாட்டா எஸ்எஸ்டி (ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாகப் போடும், சிப்பில் சேமிக்கும் வேகமான டிஸ்க்; சாட்டா என்பது அதை இணைக்கும் முறை) ஒன்று வாங்குங்கள். சாட்டா டேட்டா கேபிள் பெரும்பாலும் கூட வராது, தனியாக வாங்க வேண்டியிருக்கும். என்விஎம்இ என்ற இன்னொரு வகை எஸ்எஸ்டி மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்; அக்காலத்துப் போர்டுகள் பலவற்றில் அதிலிருந்து விண்டோஸ் பூட் ஆகாது (தொடங்காது). போர்டில் விநாடிக்கு 6 ஜிகாபிட் வேக சாட்டா போர்ட் எது என்று பார்த்து அதில் செருகுங்கள். பழைய டிஸ்க்கை எஸ்எஸ்டிக்கு குளோன் செய்தபின் (அப்படியே நகலெடுத்தபின்), முதல் முறை அதைக் கழற்றிவிட்டு ஆன் செய்யுங்கள். இரண்டும் இணைந்திருந்தால் பழையதிலிருந்தே பூட் ஆகி, எதுவும் மாறவில்லை என்று தோன்றும்.

அடுத்தது ரேம். உங்களுக்கு வேண்டியது டெஸ்க்டாப் டிடிஆர்3. டிடிஆர்4-இன் வெட்டு வேறு இடத்தில் இருப்பதால் பொருந்தாது, அழுத்திப் பார்க்காதீர்கள். 4 ஜிபி இரண்டாக, டூயல் சேனல் ஸ்லாட்டுகளில் (இரண்டு ரேமும் ஜோடியாக வேலை செய்யும் ஸ்லாட்டுகள்) போடுவது நல்லது. போட்டபின் திரை வராமல் பீப் ஒலித்தால் பெரும்பாலும் ரேம் முழுதாக உட்காரவில்லை என்று பொருள். மின்சாரத்தைத் துண்டித்து, கழற்றி, கிளிப் 'டக்'கென்று பூட்டும்வரை அழுத்துங்கள். விண்டோஸ் 32 பிட் என்றால் கூட்டிய ரேமால் பயனில்லை, 64 பிட் நிறுவ வேண்டும்.

கிராபிக்ஸ் கார்டு கேமுக்கும் வீடியோ எடிட்டிங்குக்கும்தான். ஸ்லாட் தருவது 75 வாட். கார்டுக்கு அதற்கு மேல் வேண்டுமென்றால், கணினிக்கு மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ்ஸில் அந்தக் கார்டு கேட்கும் 6 பின் அல்லது 8 பின் இணைப்பு இருக்க வேண்டும்.

செலவு செய்யுமுன் இன்னொன்று. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 ஆதரிக்கும் பிராசஸர்களின் பட்டியலில் இன்டெல் எட்டாம் தலைமுறைக்கு முந்தையவை அநேகமாக இல்லை. விண்டோஸுக்குப் பதிலாக இலவச இயங்குதளமான லினக்ஸுக்கு மாறத் தயார் என்றால் இந்தக் கணினி இன்னும் சில ஆண்டுகள் ஓடும். எஸ்எஸ்டியைப் புதிதாகவே வாங்குங்கள், பின்னால் வேறு கணினியிலும் போடலாம். டிடிஆர்3 ரேம் அப்படி உதவாது, செகண்ட் ஹேண்டாக வாங்கினாலே போதும்.