சைப்ரஸின் ட்ரூடோஸ் மலை: ஆழத்துப் பாறை உச்சிக்கு வந்தது எப்படி?

பூமிக்கு அடியில் இருக்க வேண்டிய பாறை ட்ரூடோஸ் உச்சியில் இருப்பது எப்படி, அதனால் அங்குள்ள உயிரினங்கள் மாறுகின்றனவா என்று கேட்டிருக்கிறீர்கள்.

இந்த மலையே சுமார் 9 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய கடல்தளத்தின் ஒரு துண்டு. பூமியின் மேற்பகுதியான பெரும் பாறைத் தட்டுகள் மோதியதில் மேலே தள்ளப்பட்டது. பூமியின் மேலோட்டுக்குக் கீழுள்ள அடுக்கான மான்டிலின் பாறைக்குள் நீர் புகுந்ததும் அது சர்ப்பென்டினைட் என்ற பாறையாக மாறி, அடர்த்தி குறைந்து, உப்பி எழுந்தது. மேலடுக்குகளை மழையும் ஆறுகளும் அரித்துவிட்டன. ஆகவே 1,952 மீட்டர் உயர ஒலிம்பஸ் சிகரத்தைச் சுற்றி மான்டில் பாறை. அடிவாரத்தில், கடலடியில் தலையணை வடிவில் உறைந்த எரிமலைக் குழம்பு. மலையேறுகிறவர் உண்மையில் பூமிக்குள் இறங்குகிறார்!

மான்டில் பாறையிலிருந்து உருவான மண்ணில் கால்சியம் குறைவு, மக்னீசியமும் நிக்கலும் அதிகம். பெரும்பாலான செடிகளுக்கு இது ஒவ்வாது. அலிசம் ட்ரூடி என்ற சிறு மஞ்சள் பூச்செடியோ நிக்கலை இலையிலேயே சேர்த்து வைத்துக்கொள்கிறது. உயரத்தில் கருப்பு பைன் காடு. அதன் கூம்புகளை, குறுக்கே பின்னிய அலகால் பிளந்து விதை எடுக்கும் கிராஸ்பில் குருவியை அவசியம் பாருங்கள். பொன் ஓக்கின் இலையைத் திருப்பினால் அடிப்புறம் தங்க நிறம். சைப்ரஸ் தவிர வேறெங்கும் இது இயற்கையாக வளர்வதில்லை.

மூஃப்லான் காட்டுச் செம்மறி ஆடுகளைத் தேடுகிறீர்களா? மேற்கே பாஃபோஸ் காட்டுக்குப் போங்கள்.