தரகரிடம் படகைக் காட்டலாம், பதிவுச் சான்றைக் கொடுக்கக் கூடாது

கேள்வி: நாகப்பட்டினம் பக்கம் 14 மீட்டர் மர விசைப்படகு வைத்திருக்கிறேன். தொழிலை விட்டுவிட முடிவு செய்துவிட்டேன். மூன்று வருடம் முன்பு எஞ்சின் மாற்றினேன். தரகர் ஒருவர், “நீங்களாக விற்றால் பெயர் மாற்றம் நடக்காது, ஆபீசில் எனக்கு ஆள் இருக்கிறது” என்று 3 சதவீதம் கமிஷன் கேட்கிறார். ஒரிஜினல் பதிவுச் சான்றையும் இப்போதே கேட்கிறார். அவர் மூலமாக விற்பதா, நானே விற்பதா?

பதில்: பதிவுச் சான்றைக் கொடுக்காதீர்கள். கொடுத்திருந்தால் இன்றைக்கே போய் வாங்கி வாருங்கள். ஒரிஜினல் சான்று தரகர் கையில் இருக்கும்வரை வேறு யாருக்கும் உங்களால் விற்க முடியாது. அவர் சொல்லும் ஆளுக்கு, அவர் சொல்லும் விலைக்குத்தான் விற்க வேண்டியிருக்கும். அவர் அதைக் கேட்பதே இதற்காகத்தான். படகைப் பார்க்க வருகிறவருக்கு நகல் போதும்.

அடுத்து, பெயர் மாற்றம் தரகர் செய்து தரும் வேலை அல்ல. மீன்வளத் துறை உதவி இயக்குநர் அலுவலகத்தில் விற்பவரும் வாங்குபவரும் சேர்ந்து செய்வது. விண்ணப்பம், விற்பனை ஒப்பந்தம், இருவரின் அடையாளச் சான்று, ஒரிஜினல் பதிவுச் சான்று, கடன் இருந்தால் வங்கியின் தடையில்லாச் சான்று, பிறகு படகை நேரில் பார்த்து ஆய்வு. அவ்வளவுதான். இதில் “ஆள்” எதற்கு? ஆன்லைன் பதிவு என்று அறிவித்த பிறகும் அதே நகல்களைக் காகிதத்திலும் கேட்டு, ஒரு கையெழுத்துக்கு நான்கு நடை நடக்க விடுவதால்தான் தரகர்களுக்கு இந்தப் பிழைப்பு. என்னென்ன ஆவணம் வேண்டும் என்று அலுவலக வாசலில் ஒரு தாளில் எழுதி ஒட்டினால் பாதித் தரகர்களுக்கு வேலை இருக்காது. அதைக்கூடச் செய்ய மாட்டேன் என்கிறார்கள்.

உங்கள் விற்பனைக்கு நிஜமான தடை அந்த எஞ்சின். பதிவுச் சான்றில் பழைய எஞ்சின் எண்ணும் குதிரைத்திறனும் இருக்கும், படகில் வேறு எண் இருக்கும். ஆய்வுக்கு வரும் அலுவலர் முதலில் பார்ப்பதே இதைத்தான். தமிழ்நாட்டில் விசைப்படகு எஞ்சினுக்கு 240 குதிரைத்திறன் வரம்பு உண்டு. அதற்குள் இருந்தால், எஞ்சின் வாங்கிய பில்லை வைத்து மாற்றத்தை இப்போதே பதிந்துவிடுங்கள். பில் தொலைந்திருந்தால் விற்ற கடையில் நகல் கேளுங்கள். வரம்பைத் தாண்டிய எஞ்சின் என்றால் எந்தத் தரகராலும் அதை நேராக்க முடியாது. நேராக்குகிறேன் என்று சொல்கிறவரிடம் விலகியே இருங்கள்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். வாங்குபவர் உங்கள் மாவட்டத்துக்குள் இருப்பார் என்றால் நீங்களே விற்றுவிடுங்கள். துறைமுகத்தில் ஒரு படகு விலைக்கு இருக்கிறது என்ற செய்தி எஞ்சின் மெக்கானிக், ஐஸ் கம்பெனி, படகு ஆசாரி, படகை ஓட்டும் ஸ்ராங்கு வழியாக ஒரு வாரத்தில் கரை முழுக்கப் போய்விடும். தரகர் விற்கும் சரக்கு அந்தச் செய்தி ஒன்றுதான். அது உங்களுக்குச் சும்மாவே கிடைக்கிறது.

3 சதவீதம் என்பது வெளியில் தெரியும் செலவு. தெரியாத செலவு அதைவிடப் பெரியது. உதாரணத்துக்கு, உங்களிடம் “18 லட்சத்துக்கு மேல் போகாது” என்பார். வாங்குபவரிடம் 21 சொல்வார். இருவரையும் கடைசி நாள்வரை நேரில் பேச விடமாட்டார். நடுவில் நிற்கும் 3 லட்சம் அவருக்கு, அதன் மேல் இரண்டு பக்கமும் கமிஷன். தரகரை வைத்துக்கொண்டாலும் இரண்டு நிபந்தனை போடுங்கள். விலை பேசும்போது வாங்குபவர் எதிரில் இருக்க வேண்டும். கமிஷன் ஒரே தொகையாக, பெயர் மாறிய பிறகு மட்டும்.

மீன் வியாபாரியிடம் முன்பணம் வாங்கியிருக்கிறீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. வாங்கியிருந்தால், அவரையோ அவர் அனுப்பும் ஆளையோ தரகராக ஏற்காதீர்கள். படகு அடுத்தும் தன் ஏலத்துக்கே மீன் போட வேண்டும் என்பது அவர் கணக்கு. அதனால் தனக்குக் கட்டுப்படுகிற ஆளைத்தான் கொண்டுவருவார், நல்ல விலை தருகிற ஆளை அல்ல. முதலில் கணக்கை முடித்து, பாக்கி இல்லை என்று எழுதி வாங்குங்கள். தொழிலாளர்களுக்கு நீங்கள் கொடுத்த முன்பணம் இருந்தால் அதையும் விற்பனைக்கு முன் பேசி முடியுங்கள். படகோடு சேர்த்துக் கைமாற்றிவிட்டால் பிறகு வாங்கியவரும் தொழிலாளர்களும் உங்கள் வீட்டு வாசலில் நிற்பார்கள்.

எல்லாவற்றையும்விட ஆபத்தானது பெயர் மாற்றாமல் விற்பது. முத்திரைத்தாளில் எழுதி, ஊர்ப் பஞ்சாயத்தார் முன்னிலையில் கையெழுத்துப் போட்டு, பணத்தை வாங்கிக்கொண்டு படகை விட்டுவிடுவது. “பெயரை மெதுவாக மாற்றிக்கொள்ளலாம்” என்பார் தரகர். ஊருக்கு அது போதும், அரசுக்குப் போதாது. அலுவலகப் புத்தகத்தில் உரிமையாளர் நீங்களேதான். வருடத்துக்கு 19,000 லிட்டர் வரிவிலக்கு டீசல் உங்கள் பெயரில் எடுக்கப்படும், அது வெளியே விற்கப்பட்டால் விளக்கம் கேட்பது உங்களிடம். இரண்டு படகு சேர்ந்து ஒரே வலையை இழுக்கும், தடை செய்யப்பட்ட இரட்டைமடி இழுத்தால் நோட்டீஸ் உங்களுக்கு. இலங்கைக் கடற்படை பிடித்தால், படகை மீட்கப் பதிவு உரிமையாளர் ஆவணங்களோடு வர வேண்டும் என்று அந்த நாட்டு நீதிமன்றம் கேட்கும். போகாவிட்டால் படகு அரசுடைமை ஆகும். அப்போது வாங்கியவர் தன் பணத்துக்கு உங்களைத்தான் பிடிப்பார். பெயர் மாறாமல் படகு கரையை விட்டுப் போகக் கூடாது.

“மாறும்வரை படகு சும்மா நிற்குமே” என்று வாங்குபவர் முறையிடுவார், நியாயம்தான். அதனால் மீன்பிடித் தடைக்காலத்தில் விற்றுவிடுங்கள். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. ஏப்ரல் தொடக்கத்திலேயே விலை பேசி முடித்தால் ஜூன் 15க்குள் பெயரும் மாறிவிடும், ஒருவருக்கும் தொழில் நஷ்டம் இல்லை. துறையின் வருடாந்திர ஆய்வும் தடைக்காலத்தில் நடப்பதால் எஞ்சின் மாற்றம் பதியவும் வசதி. படகைக் கரையேற்றி இருப்பீர்கள். வாங்குபவர் ஏராக்கட்டையையும் (படகின் அடியில் நீளவாக்கில் ஓடும் முதுகெலும்புக் கட்டை) அடிப்பலகையையும் சுத்தியலால் தட்டிப் பார்க்கட்டும். ‘டொக்’ என்று மந்தமாகக் கேட்கும் இடம் உளுத்தது என்று அவருக்கே தெரியும். விற்குமுன் புதுப் பெயின்ட் அடிக்காதீர்கள். எதையோ மறைக்கிறீர்கள் என்றுதான் நினைப்பார்கள். எஞ்சினையும் முன்கூட்டியே சூடாக்கி வைக்காமல், குளிர்ந்த நிலையில் அவர் எதிரிலேயே ஸ்டார்ட் செய்யுங்கள்.

பணத்தை வங்கி வழியாக மட்டும் வாங்குங்கள். 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால் வருமான வரிச் சட்டப்படி அபராதம் வாங்கியவருக்கு, அதாவது உங்களுக்கு. வாங்கிய தொகை எவ்வளவோ அபராதமும் அவ்வளவு. “பாதி கணக்கில், பாதி கையில்” என்று தரகர் சொல்லும்போது இதை நினைவில் வையுங்கள். அட்வான்ஸ் பத்தில் ஒரு பங்கு, விண்ணப்பம் ஏற்கப்பட்டதும் பெரும்பகுதி, பெயர் மாறிய அன்று மீதி. இந்த வரிசையை ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள்.

தரகர் உண்மையில் தேவைப்படும் இடம் ஒன்று உண்டு: வாங்குபவர் வேறு மாவட்டமோ வேறு மாநிலமோ என்றால். கேரளாவிலிருந்து ஒருவர் வந்தால் அவர் யார், எந்தத் துறைமுகம், பணம் உண்டா, ஏற்கெனவே யாரையாவது ஏமாற்றியிருக்கிறாரா என்று உங்களால் விசாரிக்க முடியாது. அந்தத் துறைமுகத்தில் பழக்கமுள்ள தரகரால் முடியும். இங்கே தடையில்லாச் சான்று வாங்க வேண்டும், அங்கே புதுப் பதிவு வாங்க வேண்டும். இரண்டு அலுவலகத்துக்கும் நடக்க ஓர் ஆள் வேண்டியிருக்கும். படகு கடல் வழியாகப் போவதால் வழியில் எது நடந்தாலும் பொறுப்பு யாருடையது என்றும் எழுத வேண்டும். இந்த வேலைக்கு 2 சதவீதம் கொடுப்பது நியாயமான கூலி. அப்போதும் அவர் உங்கள் ஊரிலோ வாங்குபவர் ஊரிலோ தெரிந்த ஆளாக இருக்க வேண்டும், விற்பனை ஒப்பந்தத்தில் சாட்சியாகக் கையெழுத்துப் போட வேண்டும். போட மறுத்தால் வேண்டாம். ஒரிஜினலும் பணமும் அவர் கை வழியாகப் போகக் கூடாது என்பது இங்கேயும் பொருந்தும். கேரளக்காரர் நேரில் வர முடியாது, பவர் பத்திரம் எழுதிக் கொடுங்கள் என்று தரகர் கேட்டால், வரும்வரை காத்திருக்கிறேன் என்று சொல்லிவிடுங்கள்.

மடி (இழுவலை), வலை வாயை விரிக்கும் பலகை, வலையை இழுக்கும் விஞ்ச், வயர் ரோப், ஜிபிஎஸ், ஆழம் பார்க்கும் எக்கோ சவுண்டர், வயர்லெஸ் ஆகியவற்றில் எது படகோடு போகிறது, எது உங்களுக்கு என்று ஒவ்வொன்றாக ஒப்பந்தத்தில் எழுதுங்கள். படகு இருக்கும் இடத்தைத் தெரிவிக்க அரசு கொடுத்த டிரான்ஸ்பாண்டர் கருவி படகில் இருந்தால் அதைத் தனியாகக் கழற்றி விற்காதீர்கள், அது படகின் பதிவோடு சேர்ந்தது. மானியத்தில் வாங்கிய எதுவாக இருந்தாலும் மானிய ஆணையை எடுத்து விற்பனைத் தடை இருக்கிறதா என்று படியுங்கள். இன்சூரன்ஸ் தானாகப் புது உரிமையாளருக்கு மாறாது, கம்பெனிக்கு எழுதித் தெரிவியுங்கள். புதுப் பெயரில் வந்த பதிவுச் சான்றின் நகல் ஒன்றையும், டீசல் கணக்கு உங்கள் பெயரிலிருந்து நீங்கியதற்கான அத்தாட்சியையும் வாங்கி வைத்த பிறகு சாவியைக் கொடுங்கள்.