போனதை எழுதியவர், வந்ததை எழுதவில்லை

கேள்வி: அம்பாசமுத்திரத்தில் பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்ற என் தந்தை, கடந்த ஐப்பசியில் தமது 76ஆம் வயதில் காலமானார். நான்கு நாள் விடுமுறை கிடைத்தால் போதும், தோள்பையை மாட்டிக்கொண்டு பொதிகை மலைக்குக் கிளம்பிவிடுவார். 1979 முதல் 2014 வரை அவர் எழுதிய 11 நோட்டுகள் வீட்டில் இருக்கின்றன. முதலாம் ஆண்டு நினைவு நாளில் ஒரு மலர் வெளியிட அவருடைய மலைநண்பர்கள் விரும்புகிறார்கள். மகளாகிய நானும் எழுத வேண்டுமாம். தம்பியை அழைத்துச் சென்ற அப்பா, என்னை ஒரு முறைகூட மலைக்கு அழைத்துச் சென்றதில்லை. நோட்டுகளில் என்னைப் பற்றி இருப்பது ஒரே ஒரு குறிப்புதான்: '1986 ஜனவரி 18. பாப்பாவுக்குக் காய்ச்சல். போகவில்லை.' அம்மாவிடம் கேட்டால், 'போனதையெல்லாம் எழுதி வைத்தார், வந்ததை எழுதினாரா?' என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடுகிறார். நான் என்னதான் எழுதுவது?

பதில்: அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கடிதத்தைப் பல முறை படித்தேன். அம்மா கேட்ட அந்தக் கேள்வியிலேயே நீங்கள் எழுத வேண்டிய கட்டுரை இருக்கிறது என்றுதான் ஒவ்வொரு முறையும் எனக்குத் தோன்றியது.

மலையில் அவர் எப்படி இருந்தார் என்பதை நண்பர்கள் எழுதட்டும். முண்டந்துறையும் களக்காடும் இணைந்து புலிகள் காப்பகமான 1988க்கு முன்பே அந்தக் காடுகளில் நடந்தவர் உங்கள் தந்தை; அவர்களிடம் சொல்வதற்கு நிறையவே இருக்கும். ஆனால் மலைக்குப் போன மனிதர் ஒவ்வொரு முறையும் ஒரு வீட்டிலிருந்து கிளம்பி, அதே வீட்டுக்குத்தான் திரும்பி வந்தார். கைப்பேசி இல்லாத அந்தக் காலத்தில், சொன்ன நாளைத் தாண்டி இரண்டு நாள் ஆகியும் ஆள் வராதபோது அந்த வீட்டில் விளக்கு எத்தனை மணி வரை எரிந்தது, வாசலில் செருப்புச் சத்தம் கேட்டதும் முதலில் எழுந்து போனது யார், அட்டை கடித்து ரத்தம் நிற்காத கால்களைக் கழுவ வெந்நீர் போட்டுக் கொடுத்தது யார், நனைந்து கனத்த துணிகளைக் கொல்லைப்புறத்தில் அலசியது யார் என்பதெல்லாம் அந்த 11 நோட்டுகளிலும் இருக்க முடியாது. அவை உங்கள் அம்மாவிடம் மட்டுமே இருக்கின்றன, கொஞ்சம் உங்களிடமும்.

அம்மா எழுந்து போய்விடுவது, பேச விருப்பம் இல்லாததால் அல்ல என்று நினைக்கிறேன். 'அப்பாவைப் பற்றிச் சொல்லுங்கள்' என்று கேட்டால் யாராலும் பதில் சொல்ல முடியாது. அடுக்களையில் அவர் காய் நறுக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து, மலைக்குப் போகும்போது என்ன கட்டிக் கொடுத்தீர்கள், எத்தனை நாளைக்குத் தாங்கும்படி கட்டினீர்கள், அட்டைக்கு வைத்த உப்பையும் புகையிலையையும் எந்தத் துணியில் முடிந்து கொடுத்தீர்கள் என்று கேளுங்கள். கோபம் வந்தால் கோபத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள், அதுவும் அவருடைய வாழ்க்கைக் கதைதான். இதில் தாமதம் வேண்டாம் என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. பழனி மலைத்தொடரில் வருடம் தவறாமல் நடந்த என் தந்தை மறைந்து நான்கு ஆண்டுகள் கழித்துத்தான் நான் என் அம்மாவிடம் கேட்க உட்கார்ந்தேன். அதற்குள் அவர் நினைவில் ஊர்களும் ஆண்டுகளும் ஒன்றோடொன்று கலந்துபோயிருந்தன. அந்த வருத்தம் எனக்கு இன்னும் தீரவில்லை.

உங்களை அழைத்துச் செல்லாதது பற்றி. பொதிகையின் உச்சியான, 1,868 மீட்டர் உயரமுள்ள அகத்தியர் மலைமுடிக்குப் பெண்கள் ஏறுவதற்கு இருந்த தடை, நீதிமன்றம் தலையிட்ட பிறகு 2019 ஜனவரியில்தான் நீங்கியது. ஆகவே அந்த முடியைப் பொறுத்தவரை, அவர் விரும்பியிருந்தாலும் நீங்கள் சிறுமியாக இருந்த காலத்தில் அது எளிதாக நடந்திருக்காது. ஆனால் இதை மட்டும் சொல்லி அவரை விடுவித்துவிட எனக்கு மனம் வரவில்லை. அதே மலைப்பகுதியில் இருக்கும் மாஞ்சோலைக்கும் குதிரைவெட்டிக்கும் காரையாற்றுக்கும் மகளை அழைத்துப் போக எந்தத் தடையும் இருந்திருக்காது. அவர் அதைச் செய்யவில்லை, உங்களுக்கு அது வலிக்கிறது. நினைவு மலர் என்பதற்காக அந்த வலியை மறைத்துவிட்டு 'அன்பின் சிகரமே' என்று எழுதினால், அந்தப் பக்கத்தில் உங்கள் தந்தை இருக்க மாட்டார், வேறு யாரோ ஒருவர் இருப்பார். மலையை அவ்வளவு நேசித்தவர் மகளை அங்கே அழைத்துச் செல்லவில்லை என்று ஒரு வாக்கியத்தில் நேராக எழுதுங்கள். அவரை நேசித்தவர்கள் அதைப் படித்துத் தாங்கிக்கொள்வார்கள்.

மலரில் இன்னொரு தரப்பும் இடம்பெற வேண்டும் என்பது என் விருப்பம். அந்தக் காட்டில் அவருக்கு வழி காட்டியவர்கள் பெரும்பாலும் அந்த மலையின் பழங்குடிகளான காணிக்கார மக்களாகத்தான் இருந்திருப்பார்கள். நோட்டுகளில் பெயர்கள் இருந்தால் இஞ்சிக்குழி, மயிலாறு குடியிருப்புகளில் விசாரித்து, அவர்களையோ அவர்களுடைய பிள்ளைகளையோ கண்டு, சம்மதம் பெற்று அந்தப் பெயர்களை அச்சிடுங்கள். மலையேறியவரின் பெயர் நிற்க, உடன் வந்து யானைத் தடம் பார்த்துச் சொன்னவரின் பெயர் காணாமல் போவது நம் ஊரில் வெகுகாலமாக நடக்கிறது.

நோட்டுகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். எக்காரணம் கொண்டும் லேமினேஷன் செய்ய வேண்டாம். பக்கம் பக்கமாகப் படம் எடுத்து இரண்டு இடங்களில் சேமியுங்கள். மூல நோட்டுகளைத் தரையோடும் சுவரோடும் ஒட்டாமல், ஈரம் புகாத பீரோவில் வையுங்கள். பறவைகளை நாளும் இடமும் குறித்து எழுதியிருந்தால், அந்தப் பழைய குறிப்புகளை, பறவை பார்ப்பவர்களின் பதிவுகளைத் திரட்டும் இ-பேர்ட் இணையதளத்தில் அதே தேதியில் பதிவு செய்ய முடியும். ஒரு தனி மனிதர் 1980களில் ஒரே மலைப்பகுதியில் திரும்பத் திரும்ப எழுதிய பட்டியல், இன்று அங்கே என்ன குறைந்திருக்கிறது என்று பார்ப்பவர்களுக்குப் பெரும் உதவி. தம்பிக்கு இந்த வேலையைக் கொடுங்கள்.

நீங்களும் ஒரு முறை அந்த அகத்தியர் மலைமுடிக்குப் போய்வரலாம். தமிழகத்துப் பக்கத்துப் பழைய பாதை இப்போது பொதுமக்களுக்கு இல்லை. கேரள வனத்துறை பருவத்தில் அனுமதி வழங்கும்போது போனக்காட்டிலிருந்து கிளம்பி, அதிருமலையில் இரவு தங்கி, மறுநாள் முடிக்கு ஏற வேண்டும். கடினமான நடைதான், சில மாதப் பயிற்சி வேண்டும். அவருக்காகப் போக வேண்டும் என்பதில்லை, உங்களுக்கு விருப்பம் இருந்தால் போங்கள்.

கடைசியாக, நீங்கள் குறையாகச் சொன்ன அந்தக் குறிப்பு. மற்ற பக்கங்களில் எல்லாம் மழையும் தடமும் பறவையும் இருக்க, போகாத ஒரு நாளுக்கு அவர் நோட்டைத் திறந்து தேதி போட்டிருக்கிறார். அதற்கு நான் பெரிய அர்த்தம் கற்பிக்க விரும்பவில்லை, ஏமாற்றத்தில்கூட எழுதியிருக்கலாம். ஆனால் 1986 ஜனவரி 18 ஒரு சனிக்கிழமை, பொங்கல் முடிந்த வாரம். பை கட்டி வைத்திருந்ததா, கட்டுச்சோறு என்ன ஆயிற்று, அன்று இரவு உங்கள் நெற்றியில் ஈரத்துணி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது யார் என்பது அம்மாவுக்குத் தெரிந்திருக்கும். முதல் கேள்வியாக அதைக் கேளுங்கள்.