ப்ளூ மாவோமாவோ (நியூசிலாந்துக் கடல் மீன்): இந்தத் தடவை வந்த கேள்விகள்

கோட் ஐலண்ட்ல எடுத்த போட்டோ அனுப்பியிருக்கேன். ப்ளூ மாவோமாவோ தானே?

இல்ல தம்பி. முதுகுல ரெண்டு வெள்ளைப் புள்ளி பளிச்சுன்னு தெரியுதே, அது டெமாய்செல்ங்கிற வேற மீன். மாவோமாவோவுக்குப் புள்ளியே கிடையாது, உடம்பு பூரா நீலம், 40 செ.மீ. வரைக்கும் வளரும். போன மாசமும் இதே மீனைத்தான் அனுப்பினீங்க, அனுப்புறதுக்கு முன்னாடி கொஞ்சம் பெருசாக்கிப் பாருங்க. சாம்பல் நீலமா இருந்தா அது ஸ்வீப், மாவோமாவோவுக்குப் பங்காளி. குட்டி மாவோமாவோவும் சாம்பலாத்தான் இருக்கும், அதனால சின்ன மீனுக்கு அவசரப்பட்டுப் பேர் வைக்காதீங்க.

வீட்டுத் தொட்டியில வளர்க்கலாமா?

வேணாம். கூட்டமா திறந்த கடல்ல சுத்துற மீன் அது.

பூர் நைட்ஸ் தீவுகளுக்கு டைவிங் போறோம், எந்த மாசம் நல்லது?

பிப்ரவரியிலிருந்து மே வரைக்கும் போங்க, தண்ணி 20 டிகிரி பக்கம் இருக்கும். குளிர்காலத்துல 15க்கு இறங்கிடும், 7 மி.மீ. தடிமன் டைவிங் சூட் இல்லாம இறங்காதீங்க. வசந்தத்துல பிளாங்க்டன், அதாவது தண்ணியில மிதக்குற நுண்ணுயிர், பெருகி தண்ணி பச்சையாயிடும், தூரம் தெரியாது, ஆனா மீனுக்கு அதுதான் விருந்து. மாவோமாவோ ஆர்ச்ங்கிற பாறை வளைவுக்குள்ள போனா மீனைத் துரத்தாதீங்க, கையைக் காலை ஆட்டாம ஒரு ஓரமா மிதந்துட்டு இருங்க, ரெண்டு நிமிஷத்துல கூட்டம் தானா உங்களைச் சுத்திக்கும்.

கோட் ஐலண்டுக்கு குழந்தைகளோட போறோம். ரொட்டி போட்டா மீன் நிறைய வருமாமே, எவ்வளவு எடுத்துட்டுப் போகணும்?

ஒரு துண்டு கூட எடுத்துட்டுப் போகாதீங்க அம்மா. இதை நானும் எத்தனை வருஷமா சொல்லிட்டு இருக்கேன். மாவோமாவோ வாயை கிட்டக்க பார்த்திருக்கீங்களா, சின்ன வாய், தண்ணியில மிதக்குற கண்ணுக்குத் தெரியுமா தெரியாதான்னு இருக்கிற பூச்சியை ஒண்ணு ஒண்ணா கொத்தித் திங்கிறதுக்குன்னே அமைஞ்ச வாய் அது, அதுல போய் மாவை அடைக்கிறோம். ஒருத்தர் ரொட்டி, இன்னொருத்தர் ஃப்ரோசன் பட்டாணி, அதுக்கும் மேல ஒரு தடவை என் கண்ணு முன்னாடியே ஒருத்தர் கினாவை (கடல் முள்ளெலி) கல்லால உடைச்சுப் போட்டாரு, அது மரைன் ரிசர்வ், பாதுகாக்கப்பட்ட கடல் பகுதி, அதுக்குள்ள எந்த உயிரையும் தொடக்கூடாதுன்னு சட்டமே இருக்கு. தீனிக்குப் பழகின ஸ்னாப்பர் மீன் விரலைக் கடிக்க வரும், குழந்தைங்க பயந்து அழுவாங்க. கடல் உயிரியலாளர் பில் பாலண்டைன் மாதிரி ஆளுங்க வருஷக்கணக்கா போராடித்தான் 1975ல அந்த இடத்தை நாட்டோட முதல் மரைன் ரிசர்வ் ஆக்கினாங்க. பிடிக்கிறதை நிறுத்தினதும் ஸ்னாப்பரும் கிரேஃபிஷும் (கல் இறால்) பெருகி, அதுங்க கினாவைத் தின்னு, கினா மேய்ஞ்சு மொட்டையாக்கின பாறையில கெல்ப்ங்கிற கடல்பாசி திரும்ப முளைச்சுது. யாரும் ரொட்டி போடல. குழந்தைகளுக்கு ஸ்நார்க்கல் மாட்டி, முட்டியளவு தண்ணியில முகத்தைக் கவிழ்த்து சும்மா இருக்கச் சொல்லுங்க, மீன் வரும். துரத்த மட்டும் விடாதீங்க.

கடல் மேல மழை பெய்யிற மாதிரி சத்தம் கேட்டுச்சு, மழையே இல்ல. என்னவா இருக்கும்?

நல்லா கவனிச்சிருக்கீங்க! மேல வந்த கிரில்லை, அதாவது குட்டி இறால் மாதிரி உயிரை, மீன் கூட்டம் ஒண்ணா சேர்ந்து உறிஞ்சுற சத்தம் அது, மாவோமாவோவா இருக்கலாம், ட்ரெவாலி மீனாவும் இருக்கலாம். மேல கடற்பறவை வட்டமடிச்சிருந்தா சந்தேகமே வேணாம். அடுத்த தடவை போட்டை தள்ளியே நிறுத்தி இஞ்சினை அணைச்சுட்டுப் பாருங்க, கூட்டத்துக்கு நடுவுல ஓட்டினா எல்லாம் ஒரேயடியா அடியில முங்கிப் போயிடும்.

தூண்டில்ல பிடிக்கலாமா, ருசி எப்படி?

ருசியான மீன்தான், சின்ன கொக்கி போடணும். ஆனா பூர் நைட்ஸைச் சுத்தி 800 மீட்டருக்குள்ள 1998லேருந்து எந்த மீனையுமே பிடிக்கக்கூடாது. மேப்பைப் பார்த்துட்டு தூண்டிலை எடுங்க சார்.