கடைசியில் வரைந்த படங்கள்

அன்புள்ள ஐயா,

மேல்நிலைப் பள்ளியில் பொருள் வடிவமைப்பும் தொழில்நுட்பமும் என்ற பாடத்தை விரும்பி எடுத்துப் படிக்கிறேன். இந்த ஆண்டு செய்முறைக்காக என் பாட்டிக்கு ஒரு மர ஸ்டூல் செய்தேன், செருப்பு மாட்டும்போது உட்காருவதற்கு. அது எப்படி இருக்க வேண்டும் என்று எனக்கு முதல் நாளே தெரிந்துவிட்டது. ஆனால் பதிவேட்டில் பத்து மாற்று வரைபடங்கள் இருக்க வேண்டும் என்பது விதி. ஸ்டூலை முடித்த பிறகு அவற்றை வரைந்து முன்பக்கங்களில் சேர்த்தேன். ஆசிரியர் கண்டுபிடித்து மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டார். பொருள் நன்றாக இருக்கும்போது படத்தை எப்போது வரைந்தால் என்ன?

ஒரு மாணவன்

அன்புள்ள தம்பி,

மதிப்பெண் போன வருத்தம் புரிகிறது. ஆனாலும் நான் உன் ஆசிரியர் பக்கம்தான்.

நீ அனுப்பிய புகைப்படத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். இணைப்புகளில் இடைவெளியே இல்லை. விளிம்புகளை உப்புத்தாளால் தேய்த்திருக்கும் விதத்தில் பாட்டி மேல் உனக்குள்ள பிரியம் தெரிகிறது. கால்களைப் பலகையின் ஓரத்திலிருந்து நன்றாக உள்ளே தள்ளிப் பொருத்தியிருக்கிறாய். பார்க்க அழகுதான். சரி, பாட்டி எப்படி எழுந்திருப்பார் என்று கவனித்திருக்கிறாயா? வயதானவர்கள் பெரும்பாலும் உட்கார்ந்திருக்கும் பலகையின் ஓரத்தைக் கையால் அழுத்தித்தான் எழுவார்கள். கால்கள் ஊன்றிய இடத்துக்கு வெளியே பாரம் விழுந்தால் ஸ்டூல் அந்தப் பக்கமே சாயும். உயரம் 45 செ.மீ. என்று எழுதியிருக்கிறாய். அது சாதாரண நாற்காலியின் உயரம். தரையிலிருந்து பாட்டியின் முழங்கால் மடிப்புவரை எவ்வளவு என்று அளந்தாயா? ஸ்டூல் அதைவிட ரொம்ப உயர்ந்தால் பாதம் தரையில் படியாது. ரொம்பத் தாழ்ந்தால் எழ முடியாது.

இந்தக் கேள்விகள் எழ வேண்டிய இடம் அந்தப் பத்துப் படங்கள்தான். முதல் படம் நாம் எங்கோ பார்த்த ஸ்டூலாகத்தான் இருக்கும். அடுத்த மூன்று நான்கும் அதற்குச் சித்தப்பா பிள்ளைகள். ஆறாவதுக்கு மேல் கைவசம் சரக்கு தீர்ந்துபோய், வேறு வழியில்லாமல் எழுந்து பாட்டியிடம் போவோம். அவர் உட்காருவதையும் எழுவதையும் அப்போதுதான் பார்ப்போம். நீ அந்த ஆறாவது படத்துக்குப் போகவே இல்லை.

ஆக்ஸோ என்ற பெயரில் 1990இல் தடித்த, மெத்தென்ற கைப்பிடியுள்ள சமையலறைக் கருவிகள் வந்தன. அவற்றின் தொடக்கம் சாம் ஃபார்பர் என்பவர் பார்த்த ஒரு காட்சி. மூட்டுவாதம் இருந்த அவருடைய மனைவி பெட்ஸி, தோல் சீவியைப் பிடிக்கச் சிரமப்பட்டார். கருவியை முந்திக்கொண்டு அந்தக் கை வந்தது. அதனால்தான் மூட்டுவலியே இல்லாதவர்களுக்கும் அந்தப் பிடி பிடித்துப்போனது.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1990இல் நீ படிக்கும் இந்த வடிவமைப்புப் பாடம் பள்ளிப் பாடத்திட்டத்தில் நுழைந்தபோது இலக்குகளை நான்காகப் பிரித்தார்கள்: தேவையைக் கண்டறிவது, வடிவத்தை உருவாக்குவது, திட்டமிட்டுச் செய்வது, செய்ததை மதிப்பிடுவது. உன் உழைப்பு முழுக்க மூன்றாவதில் மட்டுமே இருக்கிறது.

நானும் படிக்கும் காலத்தில் இதே தவறைச் செய்தவன். ஒரு சிறு மேசையின் அகலமான மேல்பலகையைச் சட்டத்தோடு திருகுகளால் இறுக்கி முடுக்கிவிட்டேன். காற்றின் ஈரத்துக்கேற்ப மரம் ரேகைக்குக் குறுக்கே விரியும், சுருங்கும். நீளவாக்கில் அநேகமாக அசையாது. திருகுக்கு நீளத் துளை போட்டு அது நகர இடம் விட்டிருக்க வேண்டும். ஆறே மாதத்தில் பலகை பிளந்தது. ஆனால் பதிவேட்டில் ‘மிக உறுதியானது’ என்று எழுதி, அதற்கு மதிப்பெண்ணும் வாங்கியிருந்தேன். ஒரு நாள்கூடச் சோதிக்காமல் எழுதிய வரி அது. இன்றும் உறுத்துகிறது.

அந்தப் படங்களைக் கிழித்துவிடாதே. எப்போது வரைந்தாய் என்று கீழே எழுதிவை. அப்புறம் பாட்டியின் முழங்கால் உயரத்தை அளந்துகொள். அகலமான, கெட்டியான பலகைகளை ஆடாதபடி அடுக்கி, ஒவ்வொரு முறையும் 2 செ.மீ. கூட்டி, அவரை உட்கார்ந்து எழச் சொல். நீ பக்கத்திலேயே நில். எந்த உயரத்தில் முகம் சுளிக்கிறார், கை எங்கே போகிறது, எல்லாவற்றையும் அந்த இடத்திலேயே குறித்துக்கொள். கால்களை வெளியே தள்ளிவைக்க வேண்டியிருந்தால் எப்படி என்று அதன் பிறகு வரை. அந்தப் பக்கங்களை எனக்கும் அனுப்பு.